தயிரிலிருந்து பெருங்குடல் வரை: எத்தனை பாக்டீரியா பிழைக்கிறது?

யாகுல்ட் பாட்டில் ஒன்றில் 65 மில்லிலிட்டர் பானம் இருக்கிறது. இந்தியாவில் விற்கும் பாட்டிலில் லாக்டோபேசில்லஸ் கேசி ஷிரோட்டா என்ற பாக்டீரியா 650 கோடி இருப்பதாக நிறுவனம் சொல்கிறது. குடித்த சில நொடிகளில் அத்தனையும் இரைப்பையின் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் போய் விழுகின்றன. அங்கே பிழைத்தவை பித்தநீரைச் சந்திக்க வேண்டும். அதையும் தாண்டியவை போய்ச் சேரும் பெருங்குடலில் லட்சம் கோடிக்கணக்கான நுண்ணுயிர்கள் ஏற்கெனவே குடியிருக்கின்றன. அப்படியானால் 650 கோடியில் எத்தனை உயிரோடு போய்ச் சேரும்? சேர்ந்தவை அங்கே தங்குமா? தங்காவிட்டால் அவற்றால் பயன் உண்டா?

இவை மூன்றும் வேறு வேறு கேள்விகள். ஒன்றுக்குக் கிடைத்த விடையை இன்னொன்றுக்கும் விடையாக எடுத்துக்கொண்டதுதான் இந்தத் துறையில் நேர்ந்த குழப்பங்களில் பாதிக்குக் காரணம் என்று நினைக்கிறேன். விளம்பரங்கள் மட்டும் இதைச் செய்யவில்லை. நல்ல ஆய்வாளர்களும் செய்திருக்கிறார்கள்.

தொடக்கமே அப்படித்தான். பாரிஸ் பாஸ்டர் நிறுவனத்தில் இருந்த எலி மெச்னிகாஃப், நோய் எதிர்ப்பாற்றல் பற்றிய ஆய்வுக்காக 1908இல் நோபல் பரிசு பெற்றவர். பெருங்குடலில் நடக்கும் அழுகல்தான் முதுமைக்குக் காரணம், புளித்த பால் அதைத் தடுக்கும் என்று 1907இல் வெளியான தன் நூலில் அவர் எழுதினார். பல்கேரியக் குடியானவர்களின் நீண்ட ஆயுளை அதற்குச் சான்றாகக் காட்டினார். பல்கேரிய மருத்துவ மாணவர் ஸ்டாமென் கிரிகோரோவ் 1905இல் ஜெனீவாவில் தயிரிலிருந்து பிரித்தெடுத்த பாக்டீரியாவின் மேல் ஐரோப்பா முழுக்க மோகம் பிறந்தது. அதுதான் இன்று லாக்டோபேசில்லஸ் பல்காரிகஸ் என்று அறியப்படுவது. தயிரில் உயிரோடு இருப்பது குடலிலும் உயிரோடு இருந்து வேலை செய்யும் என்று எல்லோரும் எடுத்துக்கொண்டார்கள். அதை யாரும் சரிபார்க்கவில்லை.

சரிபார்த்தவர்கள் அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த லியோ ரெட்ஜரும் ஹாரி செப்ளினும். பல்காரிகஸ் குடலில் வேரூன்றுவதில்லை என்று 1921இல் அவர்கள் வெளியிட்ட நூல் சொன்னது. அதற்குப் பதிலாகக் குடலிலேயே வாழும் இயல்புள்ள அசிடோஃபிலஸை அவர்கள் முன்வைத்தார்கள். 1930இல் கியோட்டோ ஏகாதிபத்தியப் பல்கலைக்கழகத்தில் மினோரு ஷிரோட்டா செய்தது இன்னும் ஒருபடி மேல். செரிமான நீர்களைத் தாங்குமா என்பதையே தேர்வாக வைத்து அவர் தன் பாக்டீரியாவைப் பொறுக்கி எடுத்தார். 1935இல் அது யாகுல்ட் பானமாக விற்பனைக்கு வந்தது. அமெரிக்காவின் டஃப்ட்ஸ் பல்கலைக்கழகத்தில் ஷெர்வுட் கோர்பாக்கும் பாரி கோல்டினும் 1980களில் எல்ஜிஜி என்ற லாக்டோபேசில்லஸ் திரிபை (திரிபு என்பது ஓர் இனத்துக்குள் தனித்த வகை) தேர்ந்தெடுத்தபோதும் அமிலத்தையும் பித்தத்தையும் தாங்குவதே முதல் நிபந்தனை. ஆக, பிழைத்திருப்பது புரோபயாடிக்கின் இலக்கணத்திலேயே சேர்ந்துவிட்டது. உலக உணவு வேளாண்மை அமைப்பும் உலக சுகாதார நிறுவனமும் 2001இல் அர்ஜென்டினாவின் கோர்டோபாவில் கூட்டிய வல்லுநர் குழுவும் அதையொட்டியே வரையறுத்தது: போதிய அளவில் உட்கொண்டால் உடல்நலத்துக்கு நன்மை தரும் உயிருள்ள நுண்ணுயிர்கள்.

எண்ணுவது எப்படி?

பிழைத்தவற்றை எப்படி எண்ணுகிறார்கள் என்று தெரியாமல் இந்தத் துறையின் எந்த எண்ணையும் நம்பவோ மறுக்கவோ முடியாது. எளிய முறை இது. பாக்டீரியாவை 37 டிகிரி வெப்பத்தில் பிஎச் 2 அல்லது 3 அளவுள்ள (எண் குறையக் குறைய அமிலம் கடுமை) அமிலக் கரைசலில் விடுகிறார்கள். தொடங்கும்போதும், அரை மணி, ஒரு மணி, இரண்டு மணி கழித்தும் துளித்துளியாக எடுக்கிறார்கள். ஒவ்வொன்றையும் பத்துப் பத்து மடங்காக நீர்த்து, எம்ஆர்எஸ் என்ற ஊட்டக்கூழ் பூசிய தட்டில் பரப்பி, ஆக்ஸிஜன் அகற்றிய ஜாடிக்குள் இரண்டு மூன்று நாள் வைக்கிறார்கள். தட்டில் வெள்ளை வெள்ளையாகப் புள்ளிகள் எழும். ஒரு தட்டில் 30 முதல் 300 புள்ளிகள் இருந்தால் எண்ணலாம். குறைந்தாலும் கூடினாலும் கணக்கு நம்பத்தக்கதல்ல. ஒரு புள்ளி ஒரு பாக்டீரியாவிலிருந்து வளர்ந்தது என்பது கணக்கின் அடிப்படை. ஆனால் தயிரின் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் தெர்மோஃபிலஸ் சங்கிலி சங்கிலியாக வாழ்வது. இருபது கண்ணிகள் கொண்ட சங்கிலியும் ஒரே புள்ளியாகத்தான் வளரும். அமிலத்தில் சங்கிலி அறுபட்டால், பாக்டீரியா செத்துக்கொண்டிருக்கும்போதே எண்ணிக்கை கூடியதாகக்கூடத் தோன்றலாம். இன்னொரு சிக்கல், அடிபட்டு மயங்கிக் கிடக்கும் பாக்டீரியா. உயிர் இருக்கும், தட்டில் மட்டும் வளராது. அதையும் செத்ததாகவே கணக்கு எழுதும்.

குழாயில் அமிலம் ஊற்றிச் சோதிப்பதில் இதைவிடப் பெரிய குறை உண்டு. அது இரைப்பை அல்ல. வெறும் வயிற்றில் பிஎச் 2க்கும் கீழே இருக்கலாம்; சாப்பிட்டவுடன் 4, 5 என்று ஏறும்; இரண்டு மூன்று மணி நேரத்தில் மெல்ல இறங்கும். உணவோ கொஞ்சம் கொஞ்சமாகச் சிறுகுடலுக்குப் போய்க்கொண்டே இருக்கும். எல்லா பாக்டீரியாவும் இரண்டு மணி நேரம் பிஎச் 2இல் கிடப்பதே இல்லை. நெதர்லாந்தின் டிஎன்ஓ நிறுவனம் உருவாக்கிய டிம்-1 போன்ற கருவிகள் இந்தக் குறையைப் போக்க வந்தவை. கணினி கட்டுப்படுத்த, அமிலமும் பித்தமும் நேரத்துக்கு நேரம் மாறும் அளவில் சொட்ட, உணவு அறைவிட்டு அறை நகரும். பெல்ஜியத்தின் கென்ட் பல்கலைக்கழகத்தில் 1993இல் வெளியான ஷைம் என்ற அமைப்பு பெருங்குடல் வரைக்கும் போகிறது. ஆய்வகத்துக்கு ஆய்வகம் முறை மாறுவதைத் தவிர்க்க, இன்ஃபோஜெஸ்ட் என்ற பன்னாட்டுக் குழு 2014இல் பொது நெறிமுறை ஒன்றைக் கொடுத்தது. அதன்படி இரைப்பைக் கட்டம் பிஎச் 3இல் இரண்டு மணி நேரம், சிறுகுடல் கட்டம் பிஎச் 7இல் இரண்டு மணி நேரம். முடிவுகளை ஒப்பிட இது பெரிய உதவி. ஆனாலும் இதுவும் ஒரு சராசரி மனிதருக்கான கற்பனைதான்.

உண்மையான விடை மனிதருக்குள் இருந்தே வர வேண்டும். 1992இல் பிரெஞ்சு ஆய்வாளர் பொஷார் குழு அதைச் செய்தது. தன்னார்வலர்கள் மெல்லிய குழாய் ஒன்றை விழுங்குகிறார்கள். அதன் முனை சிறுகுடலின் கடைசிப் பகுதிக்குப் போய்ச் சேரும் வரை காத்திருக்கிறார்கள். பிறகு பிஃபிடோபாக்டீரியா என்ற குடல்வாழ் பாக்டீரியா கலந்த புளித்த பாலைக் குடிக்கிறார்கள். கூடவே, செரிமானத்தில் அழியாத பேசில்லஸ் ஸ்டியரோதெர்மோஃபிலஸ் வித்துகளையும் சேர்த்திருக்கிறார்கள். வித்துகள் எவ்வளவு வந்தன என்று பார்த்தால் பாலின் எவ்வளவு பங்கு கடந்து வந்தது என்று தெரியும். அதோடு ஒப்பிட்டால் பிஃபிடோபாக்டீரியாவில் எவ்வளவு செத்தது என்பதும் தெரியும். சிறுகுடலின் முடிவு வரை உயிரோடு வந்தவை ஏறத்தாழ நாலில் ஒரு பங்கு. குழாய்ச் சோதனைகள் பயமுறுத்திய அளவுக்கு அழிவு இல்லை.

2000இல் வெளியான இதே வகை ஆய்வொன்றில் கதை வேறு. லாக்டோபேசில்லஸ் பிளாண்டாரத்தின் ஒரு திரிபு 7 சதவீதம் பிழைத்தது. லாக்டோபேசில்லஸ் ஃபெர்மென்டமும் லாக்டோகாக்கஸ் லாக்டிஸும் 1 சதவீதத்தைத் தாண்டவில்லை. நம் தயிரில் சாதாரணமாகக் காணப்படும் இனம் லாக்டோகாக்கஸ் லாக்டிஸ். ஆய்வில் இருந்தது அதன் ஆய்வகத் திரிபு ஒன்று என்பதால் இதை அப்படியே வீட்டுத் தயிருக்குப் பொருத்த முடியாது. ஒரே குடும்பத்துக்குள்ளேயே இவ்வளவு வேறுபாடு உண்டு என்பதுதான் இங்கே எடுத்துக்கொள்ள வேண்டியது.

சதவீதத்தைக் கண்டு ஏமாறவும் கூடாது. 650 கோடியில் ஆயிரத்தில் ஒன்றுதான் பிழைத்தது என்றாலும் 65 லட்சம் உயிர்கள் மிஞ்சுகின்றன. 99.9 சதவீதம் செத்தது என்ற வாக்கியமும் 65 லட்சம் பிழைத்தது என்ற வாக்கியமும் ஒரே உண்மையைத்தான் சொல்கின்றன.

அமிலமும் பித்தமும்

அமிலம் பாக்டீரியாவை எப்படிக் கொல்கிறது? ஹைட்ரஜன் அயனிகள், அதாவது புரோட்டான்கள், செல்லுக்குள் புகுந்து உள்ளேயும் அமிலமாக்கிவிடுகின்றன. நொதிகள் முடங்கும், டிஎன்ஏ சிதையும். இதை எதிர்க்க லாக்டிக் பாக்டீரியாவிடம் ஒரு புரோட்டான் பம்ப் இருக்கிறது. ஏடிபி என்ற ஆற்றல் மூலக்கூறைச் செலவழித்து, நுழைந்த புரோட்டான்களை அது வெளியே தள்ளும். பம்ப் ஓட ஆற்றல் வேண்டும், ஆற்றலுக்குச் சர்க்கரை வேண்டும். 2005இல் அயர்லாந்தின் கார்க் நகர ஆய்வாளர்கள் எல்ஜிஜியைப் பிஎச் 2 அளவுள்ள செயற்கை இரைப்பை நீரில் 90 நிமிடம் வைத்தார்கள். கொஞ்சம் குளுக்கோஸ் சேர்த்தபோது பிழைத்தவற்றின் எண்ணிக்கை பத்து லட்சம் மடங்கு வரை கூடியது. அதே பாக்டீரியா, அதே அமிலம். மாறியது சர்க்கரை மட்டும். இந்தத் துறையில் நான் படித்தவற்றுள் என்னை மிகவும் யோசிக்கவைத்த முடிவு இது. ஒரு பாக்டீரியா தாங்குமா என்ற கேள்வியை அது எதனுடன் உள்ளே போகிறது என்பதிலிருந்து பிரிக்கவே முடியாது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டாம்.

பழக்கமும் உதவுகிறது. மிதமான அமிலத்தில் சிறிது நேரம் இருந்த பாக்டீரியா, அடுத்து வரும் கடுமையான அமிலத்தைக் கூடுதலாகத் தாங்குகிறது. வேகமாகப் பெருகிக்கொண்டிருக்கும் இளம் செல்களைவிட வளர்ச்சி நின்று நிலைபெற்ற செல்கள் உறுதியானவை. தயிர் உறையும்போது இரண்டுமே இயல்பாக நடந்துவிடுகின்றன.

பித்தநீரின் வேலை வேறு. உணவுக் கொழுப்பைக் கரைக்கும் பித்த உப்புகள் பாக்டீரியாவின் கொழுப்புச் சவ்வையும் விட்டுவைப்பதில்லை. சில திரிபுகளிடம் பித்த உப்பை உடைக்கும் நொதி உண்டு. சில, உள்ளே வந்த உப்பை வெளியேற்றுகின்றன. பிஃபிடோபாக்டீரியாக்களில் அனிமாலிஸ் லாக்டிஸ் வகை அமிலம், பித்தம் இரண்டையும் நன்கு தாங்குகிறது. புளித்த பால் தயாரிப்புகளில் அது உலகெங்கும் பயன்படக் காரணம் இதுதான். தாய்ப்பால் குடிக்கும் குழந்தையின் குடலில் செழித்து வாழும் அதன் உறவினங்கள் பல, ஒரு கோப்பைத் தயிரில் சில வாரம் தாக்குப்பிடிக்காமல் மடிந்துவிடும்.

பால் செய்யும் வேலை

புரோபயாடிக் பற்றிப் பேசும்போது திரிபின் பெயருக்குக் கிடைக்கும் கவனம் பாலுக்குக் கிடைப்பதில்லை. என் மதிப்பீட்டில் பாதி விடை பாலில்தான் இருக்கிறது. கோர்பாக்கும் கோல்டினும் கான்வே என்ற ஆய்வாளருடன் சேர்ந்து 1987இல் வெளியிட்ட ஆய்வு, இரைப்பை நீரில் பால் சேர்ந்தால் லாக்டிக் பாக்டீரியா கூடுதலாகப் பிழைப்பதைக் காட்டியது. காரணங்கள் புரியக்கூடியவை. பாலின் கேசின் புரதமும் பாஸ்பேட்டும் சிட்ரேட்டும் அமிலத்தை உறிஞ்சிக்கொண்டு பிஎச் இறங்குவதைத் தாமதப்படுத்துகின்றன. கேசின் திரளும்போது பாக்டீரியா அந்தத் திரளுக்குள் சிக்கிக்கொள்கிறது. அமிலம் அங்கே போய்ச் சேர நேரம் ஆகிறது. கொழுப்பும் உறையாக நிற்கிறது.

இதையே இன்னும் அழுத்தமாகச் செய்வது பாலாடைக்கட்டி. செடார் சீஸின் பிஎச் 5க்குச் சற்று மேல். தயிரைப் போல் ஏற்கெனவே புளித்துப்போனதல்ல. அடர்த்தியும் கொழுப்பும் அதிகம். அயர்லாந்தில் 1999இல் என்டரோகாக்கஸ் ஃபேசியம் என்ற பாக்டீரியாவைச் செடாரிலும் தயிரிலும் சேர்த்துப் பன்றிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். மலத்தில் உயிரோடு வந்தவை செடார் தின்றவற்றிடம் அதிகம். ஆனால் சீஸ் மாதக்கணக்கில் முதிர வேண்டும் என்பதால், அதுவரை உயிரோடு இருக்கும் திரிபைத் தேட வேண்டியிருக்கிறது.

ஐஸ்கிரீமும் இந்தப் பட்டியலில் உண்டு. அமுல் 2007இலேயே புரோபயாடிக் ஐஸ்கிரீமை விற்பனைக்குக் கொண்டுவந்தது. உறையும்போது பனிப்படிகம் குத்திக் கொஞ்சம் சாகும். காற்று கலந்து அடிப்பதால், ஆக்ஸிஜன் பிடிக்காத பிஃபிடோபாக்டீரியாவுக்கு அதுவும் தொல்லை. உறைந்து முடிந்தபின் எண்ணிக்கை மாதக்கணக்கில் பெரிதாகக் குறையாது. சர்க்கரையின் அளவை நினைத்தால் இதை உடல்நலத்துக்கான வழியாக நான் யாருக்கும் சொல்ல மாட்டேன்.

எந்த நேரத்தில் சாப்பிடுவது என்பதும் முக்கியம். 2011இல் கனடாவின் டாம்ப்கின்ஸ் குழு செயற்கைச் செரிமான அமைப்பில் ஒரு புரோபயாடிக் மாத்திரையைச் சோதித்தது. உணவோடு, அல்லது உணவுக்கு அரை மணி நேரம் முன் கொடுத்தபோது நன்றாகப் பிழைத்தது. உணவுக்கு அரை மணி கழித்துக் கொடுத்தபோது பிழைத்தது குறைவு. தண்ணீரையும் ஆப்பிள் சாற்றையும் விடக் கொஞ்சம் கொழுப்புள்ள பாலும் ஓட்ஸ் கஞ்சியும் நல்ல துணை. மாத்திரைக்குச் சொன்னது தயிருக்கும் அப்படியே பொருந்தும் என்று அடித்துச் சொல்ல முடியாது. ஆனாலும் காரணம் ஒன்றுதான்: சாப்பாடு அமிலத்தைத் தணிக்கிறது. சோற்றோடு பிசைந்து சாப்பிடும் தயிர், வெறும் வயிற்றில் தனியே குடிக்கும் பானத்தைவிடச் சாதகமான நிலையில் இரைப்பைக்குள் போகிறது என்று இதை வைத்து எதிர்பார்க்கலாம். கொதிக்கக் கொதிக்க வடித்த சோற்றில் தயிரைக் கொட்டினால் அந்தச் சாதகம் தட்டிலேயே போய்விடும். மோர்க்குழம்பில் உயிருள்ள பாக்டீரியாவைத் தேட வேண்டியதில்லை.

சாப்பிடும் முன்னே நேரும் சாவு

செரிமானத்தில் சாவதைப் பற்றி இவ்வளவு கவலைப்படும் நாம், குளிர்பெட்டியில் சாவதைப் பற்றிக் கவலைப்படுவதில்லை. தயிர் உறைந்த பிறகும் பல்காரிகஸ் அமிலம் சுரந்துகொண்டே இருக்கும், 4.6இல் நின்ற பிஎச் 4ஐ நோக்கி இறங்கும். அது ஹைட்ரஜன் பெராக்சைடும் வெளியிடும். கூடவே சேர்த்த பிஃபிடோபாக்டீரியாவுக்கும் அசிடோஃபிலஸுக்கும் இரண்டும் ஆகாது. 1990களில் ஆஸ்திரேலியாவில் நாகேந்திர ஷா குழுவினர் கடைத் தயிர்களை வாங்கிச் சோதித்தார்கள். சில கோப்பைகளில், உறையில் பெயர் போட்டிருந்த பிஃபிடோபாக்டீரியா பேருக்குத்தான் இருந்தது. பிளாஸ்டிக் கோப்பை வழியாகக் கசியும் ஆக்ஸிஜனும் ஒரு காரணம்; கண்ணாடிப் புட்டியில் பிழைப்பு மேம்பட்டதை அதே குழு காட்டியது.

2003இல் வந்த, புளித்த பாலுக்கான கோடெக்ஸ் பன்னாட்டு உணவுத் தரம் இதற்காகவே ஒரு குறைந்தபட்ச அளவை வகுத்தது. பாலை உறையவைக்கும் பாக்டீரியா (உறை பாக்டீரியா) மொத்தம் கிராமுக்கு ஒரு கோடி; உறையில் பெயர் சொல்லிக் குறிப்பிடும் கூடுதல் பாக்டீரியா கிராமுக்குப் பத்து லட்சம். இந்தியாவில் மின்வெட்டும், மதிய வெயிலில் கடை வாசலில் இறக்கிவைத்த பெட்டிகளும் இந்தக் கணக்கை எவ்வளவு பாதிக்கும் என்பதைத் தயாரிப்பாளர்கள் தாமாகவே அளந்து சொல்ல வேண்டும்.

செத்தும் கொடுப்பவை

இப்போது மூன்றாவது கேள்வி. உயிரோடு போய்ச் சேராவிட்டால் பயனே இல்லையா? தயிரில் மிக உறுதியாக நிரூபிக்கப்பட்ட நன்மையே இதற்கு விடை சொல்கிறது. பால் சர்க்கரையான லாக்டோஸைச் செரிக்கும் நொதி பலருக்கு வயது ஏற ஏறக் குறைந்துவிடும். பால் குடித்தால் வயிறு உப்பும், இரையும், சிலருக்குப் பேதியாகும். ஆனால் தயிர் ஒத்துக்கொள்ளும். 1984இல் கோலார்ஸ் குழுவினர் இத்தகையவர்களுக்குப் பாலையும் தயிரையும் கொடுத்து, மூச்சில் வரும் ஹைட்ரஜனை அளந்தார்கள். செரிக்காத லாக்டோஸ் பெருங்குடலில் நொதித்தால்தான் அந்த ஹைட்ரஜன் வரும். அதே அளவு லாக்டோஸ் தயிர் வழியாகப் போனபோது ஹைட்ரஜன் மூன்றில் ஒரு பங்காகக் குறைந்தது.

காரணம், தயிர் பாக்டீரியாவின் உள்ளே இருக்கும் பீட்டா கேலக்டோசிடேஸ் என்ற நொதி. செல் சுவர் அதை இரைப்பை அமிலத்திலிருந்து காக்கிறது. சிறுகுடலில் பித்த உப்பு அந்தச் சுவரைத் துளைத்ததும் நொதி லாக்டோஸுடன் சேர்ந்து வேலையைத் தொடங்குகிறது. அதாவது, இரைப்பையைத் தாண்டும் வரை அந்த பாக்டீரியா முழுதாக இருக்க வேண்டும். சிறுகுடலில் அது உடைபட வேண்டும். பல்காரிகஸ் பித்தத்தைத் தாங்காத குறையே இங்கே உதவியாகிறது. சூடாக்கிப் பாக்டீரியாவை முன்பே கொன்ற தயிரில் இந்தப் பலன் குறைகிறது. ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் புரோபயாடிக் பற்றிய உரிமைகோரல்களை அநேகமாக எல்லாவற்றையும் தள்ளிவிட்டது. ஆனால் கிராமுக்குப் பத்துக் கோடி உயிருள்ள உறை பாக்டீரியா இருந்தால் தயிர் லாக்டோஸ் செரிமானத்துக்கு உதவும் என்பதை 2010இல் ஏற்றுக்கொண்டது.

பல்காரிகஸும் தெர்மோஃபிலஸும் மலம் வரை உயிரோடு வருமா என்ற வழக்கு இன்னும் முடியவில்லை. ஸ்பெயினில் 2005இல் நடந்த ஆய்வில் நாள்தோறும் தயிர் சாப்பிட்டவர்களிடம் அதற்கான தடயம் மிக அரிதாகவே கிடைத்தது. 2006இல் இத்தாலிய ஆய்வு ஒன்று உயிரோடு மீட்டெடுத்தது. தேடும் முறையின் நுணுக்கம் மாற மாற விடையும் மாறுகிறது. லாக்டோஸ் செரிப்புக்கு இந்த வழக்கின் தீர்ப்பு தேவையே இல்லை.

போய்ச் சேர்வதும் தங்குவதும்

பெரும்பாலான புரோபயாடிக் பாக்டீரியா குடலில் தங்குவதில்லை. சாப்பிடும் வரை மலத்தில் தெரியும். நிறுத்திய ஒன்றிரண்டு வாரத்தில் மறைந்துவிடும். விலக்கும் உண்டு. 2016இல் வெளியான ஆய்வொன்றில் பிஃபிடோபாக்டீரியம் லாங்கத்தின் ஒரு திரிபு, சாப்பிட்டவர்களில் 30 சதவீதத்தினர் குடலில் ஆறு மாதமாவது தங்கியது. அவர்களிடம் அந்த இனம் முன்பு குறைவாக இருந்தது. காலியிடம் கிடைத்ததால் குடியேறியது. 2018இல் இஸ்ரேலின் வைஸ்மன் நிறுவனத்தில் எரான் எலினாவ் குழுவினர் மலத்தோடு நிற்காமல் உள்நோக்கி வழியாகக் குடல் சுவரிலிருந்தே மாதிரி எடுத்தார்கள். சிலருடைய குடல் புதிய பாக்டீரியாவை ஏற்றது, சிலருடையது ஏற்கவில்லை. மலத்தில் வந்ததை மட்டும் பார்த்து யாருடைய குடல் ஏற்றது என்று சொல்ல முடியவில்லை. அதே குழுவின் இணை ஆய்வு இன்னும் யோசிக்க வைப்பது: ஆன்டிபயாடிக் எடுத்த பிறகு புரோபயாடிக் கொடுத்தவர்களிடம், அவர்களுடைய சொந்தக் குடல் நுண்ணுயிர்கள் திரும்புவது தாமதமானது.

தங்காவிட்டாலும் கடந்துபோகும் வேளையில் வேலை நடக்கலாம். கொல்கத்தாவின் குடிசைப் பகுதியில் ஒன்று முதல் ஐந்து வயதுள்ள 3,758 குழந்தைகளிடம் நடந்த ஆய்வு 2011இல் வெளியானது. ஒரு பிரிவுக்கு 12 வாரம் நாள்தோறும் ஷிரோட்டா பாக்டீரியா கலந்த பானம். மறு பிரிவுக்குப் பாக்டீரியா இல்லாத சத்துப் பானம். அடுத்த 12 வாரமும் கண்காணித்தார்கள். வயிற்றுப்போக்கு 14 சதவீதம் குறைந்தது. எண் சிறிது, ஆனால் உண்மையானது. குடிநீரும் கழிப்பறையும் செய்ய வேண்டிய வேலையை ஒரு பாட்டில் செய்துவிடாது என்பதையும் அதே எண் சொல்கிறது.

அமிலத்தை வெறும் தடையாகவே இதுவரை பேசிவந்தோம். அது காவலும்கூட. அமிலச் சுரப்பைக் குறைக்கும் மாத்திரைகளை நீண்ட நாள் எடுப்பவர்களின் குடலில் வாயில் வாழும் பாக்டீரியா கூடுவதும், சால்மோனெல்லா போன்ற தொற்றுக்கான வாய்ப்பு கூடுவதும் அறியப்பட்டவை. இதைவிடக் கடுமையான பாடம் நெதர்லாந்தில் 2008இல் வெளியான ஆய்வில் கிடைத்தது. கடுமையான கணைய அழற்சி வந்த நோயாளிகளுக்கு மூக்கு வழியாகச் செலுத்திய குழாய் மூலம், இரைப்பையைத் தவிர்த்து, நேரே சிறுகுடலுக்குள் புரோபயாடிக் கலவை கொடுக்கப்பட்டது. அந்தப் பிரிவில் 16 சதவீதத்தினர் இறந்தனர். வெற்றுக் கலவை பெற்றவர்களில் 6 சதவீதத்தினர். அவர்கள் ஏற்கெனவே உயிருக்குப் போராடிய நோயாளிகள். நலமாக இருப்பவர் சாப்பிடும் தயிருக்கும் இதற்கும் தொடர்பில்லை. ஆனால் நிறைய பாக்டீரியா உயிரோடு குடலைச் சேர்ந்தால் நல்லதுதானே என்று யோசிக்காமல் சொல்பவர்கள் இந்த ஆய்வைத் தெரிந்திருக்க வேண்டும்.

வீட்டுத் தயிர் எங்கே நிற்கிறது? ஒவ்வொரு வீட்டின் உறைமோரும் வேறு, உறையும் வெப்பம் வேறு, பாக்டீரியாவும் வேறு. தென்னிந்திய வீட்டுத் தயிரிலிருந்து பிரித்த லாக்டிக் பாக்டீரியாவை அமிலத்திலும் பித்தத்திலும் சோதித்த ஆய்வொன்று 2014இல் இந்திய மருத்துவ ஆராய்ச்சி இதழில் வந்தது. தாங்கக்கூடிய வகைகள் அதில் இருந்தன. திரிபு அடையாளம் கண்டு, அளவு உறுதிசெய்து, மனிதரிடம் பலன் காட்டிய பிறகே புரோபயாடிக் என்று அழைக்க வேண்டும் என்பது விதி. அந்த விதிப்படி வீட்டுத் தயிர் புரோபயாடிக் அல்ல. லாக்டோஸைச் செரிக்க உதவும் உயிருள்ள, மலிவான நல்ல உணவு என்பதில் ஐயமில்லை. அந்த அளவே அதற்குப் போதும். இல்லாத பட்டத்தை அதன் மேல் ஏற்ற வேண்டியதில்லை.

காசு கொடுத்துப் புரோபயாடிக் என்று வாங்கும்போது கேட்க வேண்டியவை வேறு. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் குழுவும் உயிரி தொழில்நுட்பத் துறையும் 2011இல் வெளியிட்ட வழிகாட்டுதல், பேரினம், சிற்றினம், திரிபு ஆகிய மூன்றும் உறையில் இருக்க வேண்டும், காலாவதி நாளில் உயிரோடு இருக்கும் குறைந்தபட்ச எண்ணிக்கையும் இருக்க வேண்டும் என்கிறது. வெறுமனே லாக்டோபேசில்லஸ் என்று மட்டும் அச்சிட்டிருந்தால், அல்லது தயாரித்த நாளின் எண்ணிக்கை மட்டும் இருந்தால், அது அரைத் தகவல். அத்தகைய பொருளைத் திரும்ப வைத்துவிடுங்கள். தகவல் முழுதாக உள்ளதை வாங்கினால் குளிர்ச்சி விடாமல் வீட்டுக்குக் கொண்டுவாருங்கள், ஆறிய சாப்பாட்டோடு சேர்த்துச் சாப்பிடுங்கள், பலன் வேண்டும் என்றால் நாள் தவறாமல் சாப்பிடுங்கள். வீட்டில் கடுமையாக நோயுற்றவரோ எதிர்ப்பாற்றல் குன்றியவரோ இருந்தால், அவருக்குக் கொடுக்கும் முன் மருத்துவரைக் கேளுங்கள்.